பெட்டியும் பாட்டும்: இசைக் களப்பதிவின் வரலாறு – ஒரு பார்வை

பரிபாடலைக் கையில் எடுப்போர் பலரும் பாடலைப் படித்துவிட்டு, அதன் அடியில் உள்ள குறிப்பைப் பாராமல் அடுத்த பாடலுக்குச் சென்றுவிடுவர். முதுகலை மாணவியாக இருந்த நாளில் நானும் அப்படித்தான் சென்றேன். அந்நூலின் 70 பாடல்களுள் இன்று நமக்கு முழுமையாகக் கிடைப்பவை 22 மட்டுமே. அவற்றுள் பலவற்றின் இறுதியில் பாடலை இயற்றிய புலவர் பெயரும், அதற்கு இசை வகுத்தவர் பெயரும், பண்ணின் பெயரும் தனித்தனியே குறிக்கப்பெற்றுள்ளன. கண்ணகனார், நன்னாகனார், பெட்டனாகனார் என்று அவ்விசையாளர்களை இன்றும் நாம் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது. பாலையாழ், நோதிறம், காந்தாரம் எனப் பண்ணின் பெயரும் தெரிகிறது. அவர்கள் வகுத்த இசை மட்டும் நம் செவிக்கு எட்டவில்லை.

கடந்த 130 ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் பல மூலைகளில் இதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்ந்து வந்திருக்கிறது. மெழுகு உருளையிலும் உலோகத் தகட்டிலும் காந்த நாடாவிலும் குரல்கள் பத்திரமாக இருக்கின்றன. பாடியவர் யார் என்பதுதான் பல இடங்களில் தெரியவில்லை. நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, ஒப்பாரிப் பாடல்கள் குறித்து எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அப்பாடல்களை நான் பதிவு செய்த முறையைப் பற்றியும், அம்முறைக்குப் பின்னால் உள்ள நெடிய வரலாற்றைப் பற்றியும் எழுதுவதே இப்போது எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. அதற்குக் காரணம் கட்டுரையின் கடைப்பகுதியில் விளங்கும்.

மெழுகு உருளையின் காலம்

ஒலியைப் பதிவு செய்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை எடிசன் 1877ஆம் ஆண்டு உருவாக்கினார். அடுத்த பத்தாண்டுகளில் தகரத் தாளின் இடத்தை மெழுகு உருளை பிடித்துக்கொண்டது. பாடகரைக் கருவி இருக்கும் இடத்திற்கு அழைத்துவருவதே முதலில் வழக்கமாக இருந்தது. கருவியைப் பாடகர் வாழும் இடத்திற்குக் கொண்டுசெல்லலாம் என்று எண்ணி அவ்வாறே செய்த முதல் ஆய்வாளர் அமெரிக்கரான ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ். 1890ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் மேய்ன் மாநிலத்தின் காலே என்னும் ஊரில் பாஸமக்குவாடி என்ற தொல்குடியினரின் பாடல்களையும் கதைகளையும் மெழுகு உருளைகளில் பதிந்தார். களப்பதிவின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது எனலாம்.

அக்கருவியில் ஒலிவாங்கி கிடையாது. மின்சாரமும் இல்லை. சுழலும் உருளை, அதன்மேல் ஓர் ஊசி, ஊசியோடு இணைந்த ஒரு கொம்புக்குழல் ஆகியவையே உறுப்புகள். பாடுபவர் கொம்பின் வாய்க்கு அருகில் முகத்தை வைத்துக்கொண்டு பாடவேண்டும். அவருடைய குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகைக் கீறியது. குழுவாகப் பாடினால் அனைவரும் கொம்பின் முன் நெருங்கி நிற்கவேண்டும். ஆடிக்கொண்டு பாடும் பாட்டென்றால் ஆட்டத்தை விட்டுவிடவேண்டும். உருளை இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். இரவெல்லாம் பாடும் கதைப்பாடலாயினும் அந்த அளவுக்குள் அடங்கவேண்டும். எனவே அக்காலப் பதிவுகளைக் கேட்டு, ‘இம்மக்களின் பாடல்கள் குறுகியவை’ என்று முடிவு கட்டுவது எத்தகைய பிழை என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. மேலும், ஒவ்வொரு முறை ஒலிக்கச் செய்யும்போதும் மெழுகு சிறிது தேயும்; கேட்கக் கேட்கப் பாட்டு அழிந்துபோகும்.

இக்குறைகளோடு கூடிய கருவியைத்தான் ஹங்கேரிய இசையறிஞர் பேலா பார்டோக் 1906 முதல் கிராமம் கிராமமாகச் சுமந்து சென்றார். அவருடைய நண்பர் கோடாயும் அப்பணியில் இணைந்திருந்தார். ஹங்கேரியரோடு நில்லாமல் ஸ்லோவாக்கியர், ருமேனியர் ஆகியோரின் பாடல்களையும் பார்டோக் தொகுத்தார். 1913இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ரா பகுதிக்கும் 1936இல் துருக்கிக்கும் அவர் சென்றது, தம் இனத்தின் இசை மட்டுமே இசை என்ற எண்ணம் அவருக்கு இல்லாததைக் காட்டுகிறது. ஐரோப்பாவில் தேசியச் செருக்கு தலைதூக்கி நின்ற காலத்தில் அது எளிய செயலன்று.

வியன்னாவில் 1899இலும் பெர்லினில் 1900இலும் ஒலிக் காப்பகங்கள் தோன்றின. பெர்லின் காப்பகத்தில் சேர்ந்த உருளைகள் 16,000க்கும் மேற்பட்டவை. 1999இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அத்தொகுப்பு இடம்பெற்றது. நம் பகுதியும் இவ்வலையில் அகப்படாமல் இல்லை. இலங்கையின் வேடர்களிடையே 1907–08இல் ஆய்வு செய்த செலிக்மன் தம்பதியர் அவர்களுடைய பாடல்களையும் பதிந்தனர். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டனும் அவருடைய துணைவர் ரங்காச்சாரியும் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியான தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூலுக்கான பணியில் தலையின் சுற்றளவையும் மூக்கின் நீளத்தையும் அளக்கும் கருவிகளோடு இவ்வொலிக் கருவியையும் எடுத்துச் சென்றனர். அளவுகோலும் ஒலிக்கருவியும் ஒரே பெட்டியில் இருந்தன என்பது எனக்கு எப்போதும் ஒரு நெருடலைத் தருவது. மூக்கை அளந்ததைப் போலவே பாட்டையும் அளந்தார்களோ என்ற ஐயம் எழாமல் இல்லை.

143 கிலோ எடையுள்ள ஒரு கருவி

மின் ஒலிப்பதிவு 1925ஆம் ஆண்டளவில் இசைத்தட்டு நிறுவனங்களில் நிலைபெற்றது. கொம்புக்குழலின் இடத்திற்கு ஒலிவாங்கி வந்தது. இனிப் பாடுபவர் கத்தவேண்டியதில்லை; மெல்லப் பாடினாலும் பதியும். ஆனால் அக்கருவிகள் பதிவுக் கூடத்தில் நிலையாக இருந்தவை. அவற்றைக் காட்டுக்கும் வயலுக்கும் எடுத்துச் செல்வது எவ்வாறு?

இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் தலையாயவர்கள் அமெரிக்கரான ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலன் லோமாக்ஸும் ஆவர். 1933ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சார்பில் இருவரும் தென்மாநிலங்களுக்குப் புறப்பட்டனர். தந்தைக்கு வயது 65, மகனுக்கு 18. நூலகத்தின் வழியாக அவர்களுக்குக் கிடைத்த தகடு வெட்டும் கருவியின் எடை 315 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 143 கிலோ. அதை இயக்க ஒவ்வொன்றும் 75 பவுண்டு எடையுள்ள இரண்டு மின்கலங்கள். யாவற்றையும் ஒரு ஃபோர்டு காரின் பின்புறத்தில் ஏற்றினர். இன்று நாம் ‘கையடக்கக் கருவி’ என்று சொல்வதற்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும், தானே மின்சாரம் கொண்டு, தன் ஒலிவாங்கியைக் கம்பியின் முனையில் நீட்டி, பாடுபவர் நிற்கும் இடத்திலேயே பதிவு செய்யக்கூடிய கருவி என்ற வகையில் இன்றைய கருவிகளுக்கு அது மூதாதை.

அவர்கள் சென்ற இடங்களுள் பல சிறைச்சாலைகள். கறுப்பின மக்களின் பழைய வேலைப் பாடல்கள் வானொலியும் இசைத்தட்டும் எட்டாத சிறைகளில்தான் கலப்பின்றி எஞ்சியிருக்கும் என்று ஜான் லோமாக்ஸ் கருதினார். லூயிசியானாவின் அங்கோலா சிறையில் 1933 ஜூலையில் அவர்கள் கண்டெடுத்தவரே பன்னிரண்டு தந்திக் கித்தார் வாசித்த ஹட்டி லெட்பெட்டர்; ‘லெட் பெல்லி’ என்ற பெயரால் உலகம் அறிந்தவர். ஆளுநருக்கு வேண்டுகோளாக அவர் பாடிய பாட்டின் தகட்டைக் கேட்டு மனம் இரங்கிய ஆளுநர் அவரை 1934இல் விடுதலை செய்தார் என்றொரு கதை நெடுங்காலம் வழங்கியது. உண்மையில் நன்னடத்தைக்காகத் தண்டனைக் காலம் குறைக்கப்பெற்றே அவர் விடுதலையானார். நம்மூர்த் தலபுராணங்களை ஒத்த இக்கதையை மக்கள் விரும்பியதில் வியப்பில்லை.

விடுதலைக்குப் பின் அவர் லோமாக்ஸுக்குக் கார் ஓட்டினார், மேடைகளில் பாடினார். வருவாயைப் பங்கிடுவதில் எழுந்த மனக்கசப்பால் 1935 மார்ச்சில் இருவரும் பிரிந்தனர். அவர் பாடிப் புகழ்பெறச் செய்த ஐரீன் பாட்டு, 1950இல் வேறொரு குழுவினர் பாடியபோது அமெரிக்காவெங்கும் முதலிடம் பெற்றது. லெட் பெல்லி அதற்கு முந்தைய ஆண்டு, 1949 டிசம்பரில் இறந்துவிட்டார். அப்பாட்டின் உரிமையில் அவர் பெயரோடு ஜான் லோமாக்ஸின் பெயரும் சேர்ந்திருந்தது.

இங்கே ஒன்றைக் கூறாமல் செல்ல என் மனம் ஒப்பவில்லை. துப்பாக்கி ஏந்திய காவலர் சுற்றி நிற்க, ‘பாடு’ என்று கேட்கப்பட்ட கைதி மறுத்திருக்க இயலுமா? அவர் பாட்டு நமக்குக் கிடைத்தது பெரும்பேறு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்பேறு எந்நிலையில் கிடைத்தது என்பதை ஆய்வாளர்கள் அடிக்குறிப்பில் தள்ளிவிடுகின்றனர்.

கம்பியின் நீளம்

காந்த ஒலிநாடாக் கருவியை ஜெர்மானியர் 1935இல் பெர்லின் கண்காட்சியில் பொதுமக்கள் முன் வைத்தனர். போருக்குப் பின் அது உலகெங்கும் பரவியது. போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் குடியேறிய ஸ்டெஃபான் குடெல்ஸ்கி என்ற மாணவர் 1951இல் தோளில் தொங்கவிடத்தக்க ஒரு கருவியை உருவாக்கினார். அதற்கு ‘நாக்ரா’ என்று பெயர் வைத்தார். போலந்து மொழியில் ‘பதிவு செய்யும்’ என்பது அதன் பொருள். முதல் நாக்ராவின் விசை கடிகாரத்தைப் போலச் சாவி கொடுத்துச் சுழற்றப்பட்டது. 1950களின் இறுதியில் டிரான்சிஸ்டரும் மின்கலமும் கொண்ட மூன்றாம் வகை வந்தபின், வானொலியினரும் திரைப்படத்தாரும் இசை ஆய்வாளரும் அதைத் தங்கள் உற்ற துணையாகக் கொண்டனர். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் சிறு கேசட்டை அறிமுகப்படுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டில் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் மின்னேற்றத்தை நிலையாகத் தாங்கும் மெல்லிய படலம் கொண்ட ஒரு வகை ஒலிவாங்கியைக் கண்டறிந்தனர். இவ்விரண்டும் சேர்ந்தே நம்மைப் போன்ற எளிய ஆய்வாளர் கையிலும் பதிவுக் கருவியைக் கொண்டுவந்து சேர்த்தன.

கருவிக்குள்ளேயே ஒலிவாங்கி இருக்கும்போது தனியாக ஒன்றை ஏன் வாங்கவேண்டும் என்று மாணவியர் என்னிடம் கேட்பதுண்டு. விலை கூடியது நன்றாக இருக்கும் என்பது விடையன்று. கேசட் கருவிக்குள் நாடாவை இழுக்கும் மோட்டார் ஒன்று சுழன்றுகொண்டே இருக்கிறது. உள்ளமைந்த ஒலிவாங்கி அம்மோட்டாருக்கு அருகிலேயே குடியிருக்கிறது. பாட்டி பத்தடி தூரத்தில் பாட, மோட்டார் இரண்டு அங்குல தூரத்தில் இரைந்தால் எது மேலோங்கும் என்பதை யாரும் ஊகிக்கலாம். தனி ஒலிவாங்கியின் பெருமை அதன் கம்பியில் இருக்கிறது. அது பாடுபவர் அருகில் இருக்க, இரையும் பெட்டியும் அதன் பொத்தான்களும் அவற்றை இயக்கும் ஆய்வாளரும் விலகி இருக்கலாம். பெட்டி கண்முன் இல்லாதபோது பாடுபவரின் கூச்சமும் குறைகிறது.

தூரத்தைத் தீர்மானிப்பதே இதில் தலையாய கலை. நெருங்கினால் மூச்சொலியும் உதட்டொலியும் மிகும். விலகினால் கோழியும் குழந்தையும் பேருந்தும் பாட்டில் கலக்கும். பாடுபவரும் பறையடிப்பவரும் சேர்ந்திருக்கும் இடத்தில் இன்னொரு தொல்லை உண்டு. மலிவான கருவிகள் ஒலி மிகும்போது தாமே அளவைக் குறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பறையடிக்கும் கருவி பின்வாங்க, அதனோடு பாடுபவர் குரலும் கிணற்றுக்குள் இறங்கி மீண்டும் மேலே வரும். ஒலிவாங்கியைப் பாடுபவர் பக்கமாகத் திருப்பி, அதன் முதுகு பறைக்கு நேராக இருக்குமாறு வைத்தால் ஓரளவு தப்பலாம். திறந்தவெளியில் காற்றைத் தடுக்க ஒரு கைக்குட்டையே போதும். ஒலிவாங்கியைக் கையில் பிடிக்கவே கூடாது. விரல் அசைவு இடிபோல் பதியும். மடித்த கோணிப்பையின்மேல் வைத்தால் தரையின் அதிர்வும் ஏறாது. இவற்றுள் எதையும் நான் நூலில் படித்துக் கற்கவில்லை. கேசட்டுகளைப் பாழாக்கிக் கற்றேன்.

பார்ச்மன் சிறையிலிருந்து ஒரு காசோலை

ஆலன் லோமாக்ஸ் 1959ஆம் ஆண்டு மீண்டும் தென்மாநிலங்களுக்குச் சென்றார். இம்முறை அவரிடம் இருந்தது ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் இரட்டைத்தட ஒலிநாடாக் கருவி. இரண்டு தடங்களில் பதியும் கருவியைக் களத்துக்கு எடுத்துச் சென்ற முன்னோடிப் பயணம் அது. அவ்வாண்டு மிசிசிப்பி மாநிலத்தின் பார்ச்மன் சிறையைச் சேர்ந்த ஒரு முகாமில், கைதிகள் கோடரியால் மரம் வெட்டிக்கொண்டே பாடிய பாட்டொன்றை அவர் பதிந்தார். ஒருவர் முன்பாட்டுப் பாட, மற்றவர் பின்பாட்டுப் பாட, கோடரிகள் ஒருசேர மரத்தில் விழும் ஓசையே தாளமாக அமைந்தது. தாளக்கருவி வேறெதுவும் இல்லை. பதிவுக்கூடத்தில் அப்பாட்டைப் பாடச் செய்திருந்தால் கோடரியை எங்கே வைப்பது? களப்பதிவு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. நம் ஏற்றப்பாட்டும் நடவுப்பாட்டும் இத்தகையனவே. நீரின் ஓசையையும் வளையல் ஓசையையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது சொல் மட்டுமே.

முன்பாட்டுக்காரரின் பெயரை லோமாக்ஸ் எழுதி வைத்தார்: ஜேம்ஸ் கார்ட்டர். நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 2000ஆம் ஆண்டில் வெளியான ஹாலிவுட் திரைப்படம் ஒன்றின் தொடக்கக் காட்சியில் அப்பதிவு பயன்படுத்தப்பட்டது. படத்தின் இசைத்தொகுப்பு இலட்சக்கணக்கில் விற்றது. 2002 பிப்ரவரியில் அவ்வாண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதையும் பெற்றது. இதற்கிடையில் பாடகருக்கு உரிய பங்கைச் சேர்ப்பிக்க விரும்பிய லோமாக்ஸ் காப்பகத்தார், சிறை ஆவணங்களையும் பிற அரசு ஆவணங்களையும் துருவி, சிகாகோ நகரில் மனைவியோடு வாழ்ந்துகொண்டிருந்த 76 வயது முதியவரைக் கண்டுபிடித்தனர். 20,000 டாலர் காசோலை அவரிடம் அளிக்கப்பட்டது. அப்பாட்டைப் பாடியதே அவர் நினைவில் இல்லை. விருது விழாவுக்கும் சென்றுவந்த அவர், 2003 நவம்பரில் மறைந்தார்.

இந்நிகழ்ச்சியைக் கேள்விப்படும் யாரும் மகிழ்வர். நானும் மகிழ்ந்தேன். ஆனால் அப்பதிவு எந்தத் தலைப்போடு வெளியிடப்பட்டது என்பதைக் கவனித்தபோது மகிழ்ச்சி சற்றே குறைந்தது. ‘ஜேம்ஸ் கார்ட்டரும் கைதிகளும்’ என்பதே அது. பெயர் எழுதப்பட்டவருக்குக் காசோலை சென்றது. பின்பாட்டுப் பாடியவர்களும் கோடரி வீசியவர்களும் ‘கைதிகள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நின்றுவிட்டனர். ஒரு தாளில் ஒரு பெயரை எழுதுவதற்கும் எழுதாமல் விடுவதற்கும் இடையே இவ்வளவு பெரிய வேறுபாடு இருக்கிறது.

தமிழகத்துக்கு மீண்டு வந்த ஒலி

டச்சுக்காரரான ஆர்னால்டு பாகே 1920களில் சாந்திநிகேதனில் பயின்றவர். 1938–39இல் அவர் தென்னிந்தியாவில் பயணம் செய்து, கோயிலிலும் தெருவிலும் ஊர்ப்புறத்திலும் ஒலித்த இசையைப் பதிந்தார். அவர் கொண்டுவந்தது ‘டெஃபி’ என்னும் ஜெர்மானியக் கருவி. படச்சுருள் போன்ற நீண்ட பட்டையில் ஊசியால் தடம் கீறுவது. மெழுகு உருளையைவிட நெடுநேரம் தொடர்ந்து பதியக்கூடியது என்பதால் பாட்டைப் பாதியில் வெட்டவேண்டிய கட்டாயம் குறைந்தது. ஒலியற்ற சலனப்படமும் எடுத்தார்.

பாகேயிடம் இலண்டனில் பயின்ற நசீர் ஜைராஸ்பாய், தம் மனைவி ஏமி காட்லினுடன் 1984இல் அப்பதிவுகளின் பிரதிகளை எடுத்துக்கொண்டு தமிழகம், கேரளம், கர்நாடகம் ஆகிய பகுதிகளுக்கு வந்தார். ஆசிரியர் சென்ற ஊர்களுக்கே மாணவர் சென்று, அங்குள்ளோருக்குப் பழைய ஒலியைக் கேட்கவும் பழைய படத்தைக் காணவும் வாய்ப்பளித்தார். எது நின்றது, எது மாறியது, எது அழிந்தது என்று கண்டறிவது அவர்கள் நோக்கம். அம்மறு ஆய்வு 1991இல் நூலாகவும் வெளிவந்தது. பெரும்பாலான பதிவுகள் ஊரைவிட்டுப் போனவை போனவையே. இவை 45 ஆண்டுகளுக்குப் பின்னராவது ஊருக்கு ஒருமுறை திரும்பி வந்தன. ஃபியூக்ஸ் 1890இல் பதிந்த உருளைகளின் ஒலியும் அண்மைக் காலத்தில் பாஸமக்குவாடி மக்களிடம் திரும்பி, அவர்களே அவற்றைக் கேட்டு எழுதி விளக்கும் நிலை ஏற்பட்டிருப்பது ஈண்டுக் கருதத்தக்கது.

தமிழில் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்த முன்னோடிகள் பலருக்குக் கருவியே இல்லை. காதும் பென்சிலும் மட்டுமே இருந்தன. பேராசிரியர் நா. வானமாமலையின் தமிழர் நாட்டுப்பாடல்கள் 1964இல் வெளிவந்தது. பாடல்களின் அடியில் ‘சேகரித்தவர்’ என்று பெயரும் ‘இடம்’ என்று ஊரும் தரப்பட்டுள்ளன. சில இடங்களில் ‘உதவியவர்’ என்ற குறிப்பும் உண்டு. சேகரித்தவருக்கு இத்துணைச் சிறப்பளித்த தொகுப்புகள் அக்காலத்தில் அரியவை என்பதால் அந்நூலை நான் மதிக்கிறேன். எனினும் ‘உதவியவர்’ என்ற சொல்லில் என் கண் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது. உதவியவர்தாம் பாடியவரா, பாடியவரை அழைத்து வந்தவரா என்பது எல்லா இடத்தும் தெளிவாகவில்லை. குறுந்தொகையில் பெயர் மறைந்த புலவர்களைச் செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார் என்று அவர்தம் தொடராலேயே அழைத்த தொகுப்பாசிரியரின் பரிவு அப்போதெல்லாம் என் நினைவுக்கு வரும். பெயர் தெரியாவிட்டாலும் ‘யாரோ ஒருவர்’ என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை.

களத்துமேட்டில் ஒரு மாலை

இனி என் கதைக்கு வருகிறேன். முனைவர் பட்ட ஆய்வுக்காக 2004ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். கேசட் கருவி ஒன்றும், நீண்ட கம்பியுடன் கூடிய ஒலிவாங்கி ஒன்றும், தனித்தாளில் பொதிந்த எட்டு மின்கலங்களும் என் பையில் இருந்தன. ஒப்பாரியைத் துக்க வீட்டில் பதிவு செய்ய எனக்குத் துணிவில்லை. அழுபவர் முகத்துக்கு நேராக ஒரு கம்பியை நீட்டுவது எவ்வாறு? அதைச் செய்த ஆய்வாளர்களைக் குறை சொல்லவில்லை. என்னால் முடியவில்லை என்பதுதான் உண்மை. அதே வேளையில், விளக்கேற்றும் வீட்டுக்குள் சாவு இல்லாதபோது ஒப்பாரி பாடக்கூடாது என்பது ஊர் வழக்கம். எனவே மூன்று மூதாட்டியர் பொழுது சாயும் நேரத்தில் என்னைக் களத்துமேட்டுக்கு அழைத்துச் சென்றனர்.

மூவரின் பெயர், வயது, ஊர் யாவும் என் குறிப்பேட்டில் ஒழுங்காக உள்ளன. கோணிப்பையை மடித்து ஒலிவாங்கியை வைத்தேன், கைக்குட்டையைச் சுற்றினேன், பெட்டியோடு நெல்லி மரத்தின் பின்னால் போய் உட்கார்ந்தேன். வெகுநேரம் யாரும் பாடவில்லை. பிறகு ஒருவர் தொடங்கினார். கணவர் இறந்து முப்பது ஆண்டுகள் ஆனபின்னும் நேற்று இறந்தவருக்குப் பாடுவது போலப் பாடினார். மற்ற இருவரும் இடையிடையே விம்மலால் துணைநின்றனர். நானும் அழுதேன். அழுகையில் கேசட்டின் நேரத்தைக் கவனிக்கவில்லை. ‘டக்’ என்ற ஒலியோடு பெட்டி நின்றது. மரத்தின் பின்னாலிருந்து எழுந்து, கையைக் காட்டி, ‘கொஞ்சம் இருங்க அப்பத்தா, மறுபக்கம் போட்டுக்கிறேன்’ என்றேன்.

திருப்பிப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவர் பாடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ‘நிறுத்தச் சொன்னா அழுகை எங்க போயி நிக்கும், ஆத்தா?’ என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான். இருட்டிவிட்டது, எழுந்து நடந்தோம். மெழுகு உருளை பாட்டின் நீளத்தை வெட்டிய கதையைப் பிற்காலத்தில் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் அவ்வினா என் காதில் விழும். மறுநாள் கேசட்டின்மேல் நான் எழுதியது: ‘ஒப்பாரி – களத்துமேடு – பக்கம் 1’. பாடியவர் மூவருள் யார் என்று எழுதவில்லை. மறக்கமாட்டேன் என்று நினைத்தேன். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் மூவர் பெயரும் ‘தகவலாளர்’ பட்டியலில் வரிசையாக உள்ளன. அச்சும் எண்ணும் பிழையின்றி இருந்ததால் புறத்தேர்வாளர் யாரும் குறை கூறவில்லை.

2019ஆம் ஆண்டு, நாடாக்கள் ஒட்டிக்கொள்ளத் தொடங்கிவிட்டன என்று அஞ்சி, என்னிடமிருந்த கேசட்டுகளையெல்லாம் கணினிக்கு மாற்றினேன். களத்துமேட்டுப் பதிவைக் கேட்டபோதுதான் குரலுக்கு உரிய முகம் என் நினைவில் இல்லை என்பதை உணர்ந்தேன். மூன்று முகங்களும் இருந்தன. எது பாடிய முகம் என்பது மட்டும் இல்லை. கோடை விடுமுறையில் பதிவைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு அவ்வூருக்குச் சென்றேன். மூவருமே இறந்திருந்தனர்.

முதல் வீட்டில் மகன் இருந்தார். சில நொடிகள் கேட்டதுமே, ‘எங்க ஆத்தாதான், சந்தேகமே இல்ல’ என்றார். அண்டை வீட்டாரையும் அழைத்துக் கேட்கச் செய்தார். இரண்டாம் வீட்டில் பேத்தி, தன் அப்பத்தா இப்படித்தான் ஒவ்வோர் அடியின் இறுதியிலும் மூச்சை இழுத்து நிறுத்துவார் என்று கூறி, அவ்வாறே செய்தும் காட்டினாள். பதிவில் இருந்த மூச்சும் அவள் காட்டிய மூச்சும் எனக்கு ஒன்றாகவே பட்டன. மூன்றாம் வீட்டில் மருமகள் மட்டும் இருந்தார். அவர் குரலை அடையாளம் சொல்லவில்லை. முழுவதையும் கேட்டார், பெட்டி ‘டக்’கென்று நின்ற இடம் வந்ததும், ‘இதுக்கு மேல இல்லையா டீச்சர்?’ என்றார். இல்லை என்றேன். ‘எங்க அத்தை பாடுனா இந்த எடத்துக்கு அப்புறம்தான் பெறந்த வீட்டு வரிசை வரும்’ என்று சொல்லிவிட்டு, அந்த வரிசையைச் சன்னமாகத் தம் குரலில் சொன்னார். வீட்டுக்குள் பாடக்கூடாது என்பதால் பாடவில்லை, சொன்னார்.

நான் கருவியை எடுத்துச் சென்றிருக்கவில்லை. கைப்பேசியில் பதியலாம் என்பது அவர் சொல்லி முடித்தபின்னரே நினைவுக்கு வந்தது. மூன்று வீட்டாருக்கும் பதிவின் பிரதியைக் கொடுத்துவிட்டு, மாலைப் பேருந்தில் திரும்பினேன். என் பட்டியலில் இப்போது அக்கேசட்டுக்கு எதிரே ‘பாடியவர்’ என்னும் கட்டத்தில் மூன்று பெயர்கள் உள்ளன.